அணில்பிள்ளைக்கு மிக்சரும் பாலும் வேண்டாம்

குளிர்காலம் வந்துவிட்டால் புதுடில்லியில் சர்க்கார் ஆபீஸ்களைச் சுற்றியுள்ள புல்தரைகளில் பகல் ஒரு மணிக்கு இடம் கிடைப்பது கஷ்டம். டிபன் டப்பாவும் கையுமாகக் குமாஸ்தாக்கள் வெயிலைத் தேடி வெளியே வந்துவிடுகிறார்கள். ஒரு பக்கம் சீட்டாட்டம், ஒரு பக்கம் ஸ்வெட்டர் பின்னல், நடுவே காகிதப் பொட்டலத்தில் சுடச்சுட வேர்க்கடலை. இந்தக் கூட்டத்தில் அழையாமலே வந்து சேரும் இன்னொரு விருந்தாளி அணில். இரண்டு காலில் எழுந்து நின்று அது பார்க்கிற பார்வைக்கு மசியாதவர் யார்? கையில் இருப்பதில் ஒரு பிடி அதற்கும் போகிறது. மிக்சர் தின்பவர் மிக்சரைப் போடுகிறார். பிஸ்கட் தின்பவர் பிஸ்கட்டை ஒடித்துப் போடுகிறார். தயிர் சாதத்தின் கடைசிக் கவளத்தை மரத்தடியில் வைத்துவிட்டுக் கை கழுவப் போகிறவர்களும் உண்டு.

வீட்டிலும் இதே கதைதான். கரோல் பாக் மாடி வீடுகளிலும் ராமகிருஷ்ணபுரம் குவார்ட்டர்ஸ்களிலும் காலையில் காக்கைக்குச் சோறு வைக்கும் வழக்கத்தை நம்மவர்கள் விடவில்லை. காக்கைக்கு வைத்ததில் பாதியை அணில் எடுத்துக்கொள்கிறது. ஊரை விட்டு ஆயிரத்தைந்நூறு மைலுக்கு இப்பால் வந்து குடித்தனம் நடத்துகிறவர்களுக்கு, வேப்பமரமும் அதில் ஏறி இறங்கும் அணிலும் ஊர் வாசலையே நினைவூட்டும். அந்தப் பிரியத்தில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நாம் போடும் பிடியில் இருக்கும் உப்பும் எண்ணெயும் சர்க்கரையும் பாலும் அந்தச் சின்ன உடம்பை என்ன செய்யும் என்பதைத் தெரிந்துகொண்டு போடுவது நல்லது.

முதுகில் ஐந்து வரி

முதலில் ஒரு விஷயம். டில்லி அணில் நம் ஊர் அணில் அல்ல. தமிழ்நாட்டு அணிலின் முதுகில் மூன்று வெள்ளை வரிகள். இங்கே உள்ளதற்கு ஐந்து. நடுவில் மூன்று பளிச்சென்று தெரியும். விலாப்பக்கம் இரண்டு மங்கலாக ஓடும். இரண்டும் ஒரே குடும்பம்தான், ஆனால் வேறு வேறு இனம். சேது கட்டும்போது மணலில் புரண்டு உதவிய அணிலை ராமபிரான் மூன்று விரலால் தடவிக் கொடுத்தார் என்று பாட்டி கதை கேட்டு வளர்ந்த டில்லித் தமிழ்க் குழந்தைகள், "அப்படியானால் இங்கே ஐந்து விரலாலும் தடவினாரா?" என்று கேட்டுப் பெற்றோரைத் திணற அடிப்பது உண்டு. தொண்டரடிப்பொடி ஆழ்வாரின் திருமாலையில் வரும் அணிலுக்கு எத்தனை வரி என்பதை வைணவப் பெரியவர்களிடம் விட்டுவிடலாம்.

இந்த ஐந்துவரி அணில் எங்கே விட்டாலும் பிழைத்துக்கொள்ளும் ஜாதி. 1898-ல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் மிருகக்காட்சிசாலையிலிருந்து வெளியேவிட்ட சில அணில்களின் சந்ததி, ஒரு நூற்றாண்டுக்குப் பிறகும் அந்த வட்டாரத்தில் இருக்கிறது. அங்கே அதற்கு மிக்சர் போட யாரும் இருந்ததில்லை.

டில்லியிலும் அது நம்மை நம்பி உயிர் வாழவில்லை. பிப்ரவரி, மார்ச்சில் செமல் என்று இங்கே சொல்லும் இலவமரம் சிவப்பாகப் பூத்ததும், பூவுக்குள் தலையை விட்டுத் தேன் குடிக்கிறது. பிறகு ஷஹ்தூத் பழம் வருகிறது. ஜூன், ஜூலையில் வேப்பம்பழமும் நாவல் பழமும். அக்பர் சாலையில் புளியமர வரிசை, பழைய ராஜபாதையான கர்த்தவ்ய பாதையில் நாவல்மர வரிசை என்று, நகரத்தைத் திட்டம் போட்டுக் கட்டியவர்கள் மனிதர்களுக்கு நிழல் தர நட்டதெல்லாம் அணிலுக்குச் சாப்பாட்டுக் கூடமாகிவிட்டது. அரசு, ஆல், அத்திப் பழங்கள், தளிர், மொட்டு, மரப்பட்டை, புழு பூச்சி, சமயம் வாய்த்தால் குருவி முட்டை எல்லாம் அதன் ஆகாரம். அணில் சுத்த சைவம் என்று நினைப்பவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம்.

நூறு கிராமும் அறுபது கிலோவும்

ஒரு அணிலின் எடை ஏறக்குறைய நூறு கிராம். கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. இருந்தாலும் போட்டுப் பார்ப்போம். ஒரு சிட்டிகை மிக்சர் ஐந்து கிராம் என்று வைத்துக்கொண்டால், அது அணிலின் எடையில் இருபதில் ஒரு பங்கு. அறுபது கிலோ எடையுள்ள ஒரு யு.டி.சி. தம் எடையில் இருபதில் ஒரு பங்கு மிக்சரைத் தின்ன வேண்டுமானால், மூன்று கிலோவை ஒரே உட்காரலில் தீர்க்க வேண்டும். அத்தனை உப்பும் காரமும் எண்ணெயும் உள்ளே போனால் அவர் மறுநாள் ஆபீசுக்கு வருவாரா?

உப்புதான் இதில் முதல் எதிரி. காட்டுப் பழத்திலும் விதையிலும் உப்பு மிகக் கொஞ்சம். அணிலின் சிறுநீரகம் அந்த அளவுக்குப் பழகியது. மிக்சர், முறுக்கு, சிப்ஸ், நம்கீன், மசாலாக் கடலை, கோயிலிலிருந்து கொண்டுவரும் சுண்டல், ஊறுகாய் படிந்த சாதம் எல்லாமே இதில் அடங்கும். இட்லி வெள்ளையாக இருப்பதால் சாதுவானது என்று நினைக்க வேண்டாம். மாவில் உப்பு இருக்கிறது. வெயில் காலத்தில் குடிக்கத் தண்ணீர் கிடைக்காத அணிலுக்கு உப்புத் தீனி போடுவது இரட்டைத் தண்டனை.

பிஸ்கட், ரஸ்க், ரொட்டித்துண்டு, கேக், லட்டு இவையெல்லாம் விஷம் என்று சொல்ல முடியாது. ஆனால் வயிறு நிறையுமே தவிர உடம்புக்குச் சத்து சேராது. உப்பில்லாத சப்பாத்தித் துணுக்கும் வெறும் சோறும் இந்த ரகம்தான். என்றோ ஒருநாள் தின்றால் ஒன்றும் ஆகிவிடாது. அதுவே தினசரி சாப்பாடாகக் கூடாது.

சாக்லேட் விஷயம் வேறு. அதிலுள்ள தியோபுரோமின் என்ற பொருள் மனிதனுக்குச் சீக்கிரம் செரித்துப் போகும். பல சிறு பிராணிகளுக்கு அப்படியல்ல, இதயத்தையும் நரம்பையும் தாக்கும். காபி, டீ மீதியும் அப்படித்தான். வெங்காயம், பூண்டு வேண்டாம். பச்சை உருளைக்கிழங்கு, அதிலும் முளைவிட்டுப் பச்சை நிறம் பாய்ந்தது, வேண்டவே வேண்டாம். ஆப்பிள் தரலாம், ஆனால் விதையை எடுத்துவிட வேண்டும். மெல்லும்போது சயனைடு உண்டாகும் பொருள் அந்த விதையில் இருக்கிறது. கசப்பு பாதாமிலும் அதே பொருள்தான். நல்ல பாதாம் ஒன்றிரண்டு தரலாம். பாதாம் விற்கும் விலையில் யாரும் அதற்கு மேல் தரப்போவதில்லை.

கடலை தரலாம், ஆனால்...

அணிலுக்கும் மனிதனுக்கும் நடுவே பாலமாக இருப்பது வேர்க்கடலை. டில்லிக் குளிரில் தள்ளுவண்டிக்காரர் மணலில் வறுத்து, குவியலின் மேல் சின்னச் சட்டியில் தணல் வைத்துச் சூடு காத்து விற்கும் ஓட்டுக்கடலை உண்மையிலேயே நல்ல தேர்வு. உப்பு இல்லை, எண்ணெய் இல்லை. ஓட்டோடு போட்டால் இன்னொரு லாபம்: அணிலின் முன்பற்கள் ஆயுள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பவை. கடித்துத் தேய்க்க ஏதாவது அதற்கு வேண்டும். ஓடு அந்த வேலையைச் செய்கிறது. பச்சைக்கடலையைவிட வறுத்தது செரிமானத்துக்கு நல்லது.

ஆனால் இரண்டு எச்சரிக்கை. ஒன்று, பூஞ்சை. மழைக்காலத்தில் டப்பாவில் கிடந்து கறுத்து, கசந்து, வாடை வந்த கடலையை "நமக்கு வேண்டாம், அணிலாவது தின்னட்டும்" என்று பால்கனியில் கொட்டும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. இது பெரிய தவறு. பூஞ்சை பிடித்த கடலையில் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு உண்டாகிறது. உலகம் இந்த நஞ்சைத் தெரிந்துகொண்டதே கடலையால்தான். 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்து விழுந்தன. தேடிப் பார்த்ததில், தீவனத்தில் கலந்த கடலைப் பிண்ணாக்கு பூஞ்சை பிடித்தது என்று தெரிந்தது. மனிதரையும் அது விடவில்லை. 1974-ல் ராஜஸ்தானின் பான்ஸ்வாடா, குஜராத்தின் பஞ்ச்மஹால் மாவட்டங்களில் பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தைத் தின்ற ஏழை ஆதிவாசிகளில் நூறு பேருக்கு மேல் கல்லீரல் கெட்டு மாண்டார்கள். ஆளையே கொல்லும் நஞ்சு நூறு கிராம் பிராணியை என்ன பாடு படுத்தும்!

இரண்டாவது, அளவு. கடலை, சூரியகாந்தி விதை, மக்காச்சோளம் மூன்றிலும் பாஸ்பரஸ் அதிகம், சுண்ணாம்புச் சத்து குறைவு. இதையே தின்று வளரும் அணிலுக்கு எலும்பு பலமிழந்துவிடும். மரத்தில் திரியும் அணில் பட்டையும் தளிரும் தின்று ஓரளவு சரிக்கட்டிக்கொள்ளும். கூண்டில் அடைத்துக் கடலையே போட்டு வளர்க்கும் அணிலுக்குத்தான் பின்னங்கால் விளங்காமல் போகிறது. ஒரு அணிலுக்கு நாளைக்கு இரண்டு மூன்று கடலை போதும்.

மற்றபடி நம் சமையலறையில் அணிலுக்கு ஆகிற சாமான் எவ்வளவோ இருக்கிறது. நாம் அதைக் குப்பையில் போட்டுவிட்டு மிக்சரைத் தேடுகிறோம். பூசணி, பரங்கி விதையைக் கழுவி நிழலில் உலர்த்தி வைக்கலாம், உப்புச் சேர்க்காமல். குளிர்காலச் சிவப்பு கேரட்டின் நுனி, வெள்ளரித்துண்டு, கொய்யா, பேரிக்காய், பப்பாளி, தர்பூசணிச் சதை ஒட்டிய தோல் எல்லாம் நல்லவை. புதுத் தேங்காய்ச் சில் விரல் நகம் அளவு தரலாம். கொழுப்பு மிகுந்ததால் அதற்கு மேல் வேண்டாம். பழத்தைத் தருமுன் நன்றாகக் கழுவுங்கள், மார்க்கெட் பழத்தில் பூச்சிமருந்து இருக்கும்.

பகலில் கொஞ்சமாக வைத்து, மிஞ்சியதைச் சாயங்காலத்துக்குள் எடுத்துவிட வேண்டும். ராத்திரி கிடந்தால் எலி வரும். பகலிலேயே குரங்கு வரும் பேட்டைகளில் பால்கனியில் எதையும் வைக்காமல் இருப்பதே மேல். குரங்கு வந்தால் விளையாட்டல்ல: 2007 அக்டோபரில் டில்லியின் துணை மேயர் எஸ்.எஸ். பஜ்வா, தம் வீட்டு மாடியில் குரங்குகளை விரட்டப் போய்த் தவறி விழுந்து இறந்தது நகரமே அறிந்த செய்தி. எலி வருகிறதே என்று எலி மருந்து வைத்தால் அதையும் முதலில் ருசி பார்ப்பது அணிலாகத்தான் இருக்கும். ஒரு கையால் கடலையும் மறு கையால் விஷமும் வைக்கும் வீடுகள் இருக்கின்றன. வேண்டுமென்று அல்ல, யோசிக்காமல். அணில் நடமாடும் இடத்தில் மருந்துக்குப் பதில் எலிப்பொறி வைக்கலாம், அதுவும் ராத்திரியில் மட்டும்.

ஆந்தி அடித்த மறுநாள்

மேலே சொன்னதெல்லாம் வளர்ந்த அணிலுக்கு. இன்னும் முக்கியமான விஷயம் குட்டியைப் பற்றியது. பெரும்பாலான சாவு நடப்பது இங்கேதான், அதுவும் மிகுந்த அன்போடு.

ஏப்ரல், மே மாதங்களில் ஆந்தி என்னும் புழுதிப்புயல் ஒரு மாலைப் பொழுதில் டில்லியைப் புரட்டிவிட்டுப் போகும். மறுநாள் காலை மரத்தடியில் ஒடிந்த கிளைகளுக்கு நடுவே கூடு சிதறிக் கிடக்கும். பஞ்சு, நார், யாரோ வெயிலில் போட்ட ரஜாயிலிருந்து உருவிய நூல், அதற்குள் கண் திறக்காத, ரோமம் முளைக்காத இரண்டு மூன்று குட்டிகள். குளிர்காலம் முழுக்கச் சும்மா கிடந்த கூலரைப் புதுப் புல் மாற்றுவதற்காகக் கழற்றும்போதும் இதே காட்சி. குழந்தைகள் ஓடிவந்து எடுத்துக்கொள்கிறார்கள். வீட்டு அம்மாள் மனம் கேட்காமல் பாக்கெட் பாலைக் காய்ச்சி, ஆற்றி, பஞ்சில் நனைத்தோ சொட்டுக் குழாயிலோ புகட்டுகிறாள். குட்டி சப்புக்கொட்டிக் குடிக்கும். "பிழைத்துக்கொண்டது" என்று வீடே சந்தோஷப்படும். அடுத்த நாள் வயிறு உப்பும், பேதியாகும். மூன்றாம் நாள் செருப்புப் பெட்டியில் அசையாமல் கிடக்கும். குழந்தைகள் அழுதுகொண்டே பூந்தொட்டியில் புதைப்பார்கள். "தலைவிதி அவ்வளவுதான்" என்பார்கள் பெரியவர்கள்.

தலைவிதி அல்ல, பால். பசுவின் பாலிலும் எருமைப் பாலிலும் பால்சர்க்கரை மிகுதி. அணில்தாயின் பால் கொழுப்பும் புரதமும் அடர்ந்தது, பால்சர்க்கரை அதில் மிகக் குறைவு. குட்டியின் குடலால் நம் வீட்டுப் பாலைச் செரிக்க முடியாது. அது மட்டுமல்ல, மல்லாத்திப் பிடித்துச் சொட்டுச் சொட்டாக ஊற்றும்போது பால் மூக்கு வழியே நுரையீரலுக்குள் போய்விடும். உடம்பு சில்லிட்டிருக்கும் குட்டிக்கு எந்த ஆகாரமும் செரிக்காது.

ஆகவே முதலில் வேண்டியது சூடு. ஒரு அட்டைப்பெட்டியில் பழைய வேட்டித்துணியை மடித்துப் போட்டு, வெந்நீர் ஊற்றி இறுக மூடிய பாட்டிலைத் துணியில் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கத்தில் வைத்து, மறு பக்கம் குட்டியைக் கிடத்த வேண்டும். அடுத்து வேண்டியது பொறுமை. காயமில்லாத குட்டியாக இருந்தால் பெட்டியை அதே மரத்தடியில், எறும்பு ஏறாமல், வெயில் படாமல், எட்டும் உயரத்தில் வைத்துவிட்டு எல்லோரும் தூர விலகிவிட வேண்டும். தாய் தேடி வந்து, ஒவ்வொன்றாக வாயில் கவ்விக்கொண்டு வேறு கூட்டுக்குப் போய்விடும். மனிதக் கை பட்ட குட்டியைத் தாய் சேர்க்காது என்பது வெறும் பேச்சு. பூனையும் காக்கையும் வராமல் ஒருவர் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டால் போதும். பகலில் இரண்டு மூன்று மணி நேரம் பார்த்தும் தாய் வரவில்லை, அல்லது குட்டிக்குக் காயம் என்றால், தாமதிக்காமல் தெரிந்தவர்களிடம் ஒப்படைக்க வேண்டும். ராஜா கார்டனில் 1980-லிருந்து சஞ்சய் காந்தி விலங்குப் பராமரிப்பு மையம் இருக்கிறது. காட்டுயிர்களை மீட்கும் ஒயில்ட்லைஃப் எஸ்.ஓ.எஸ். அமைப்பும் டில்லியில் வேலை செய்கிறது. பெட்டிக்கு மூடி போட்டு, மூடியில் காற்றுத் துளைகள் இட்டு எடுத்துப் போகலாம். வழியில் பால் வேண்டாம்.

குட்டி பிழைத்துவிட்டால் வீட்டிலேயே வளர்க்கலாமே என்று குழந்தைகள் கேட்பார்கள். 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணையிலேயே ஐந்துவரி அணிலின் பெயர் சேர்க்கப்பட்டது. கூண்டில் வைத்து வளர்க்கும் பிராணி அல்ல அது. மனிதக் கையில் வளர்ந்து பூனைக்குப் பயப்படத் தெரியாமல் போன அணில் வெளியே ஒரு வாரம்கூடத் தாங்காது. பெரிய அணிலைக் கையால் பிடிக்கப் போனால் கடித்துவிடும். கடித்தால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவி டாக்டரிடம் காட்ட வேண்டும்.

தட்டில் தண்ணீர்

கூடு விழுவது ஆந்தியால் மட்டுமல்ல. 2018-ல் சரோஜினி நகர், நேதாஜி நகர், நௌரோஜி நகர் முதலிய பழைய சர்க்கார் குடியிருப்புகளை இடித்துக் கட்டுவதற்காக ஆயிரக்கணக்கான மரங்களை வெட்ட ஏற்பாடானபோது, ஜனங்கள் மரங்களைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். அந்த ஜூன் மாதத்தில் டில்லி உயர் நீதிமன்றம் வெட்டுக்கு இடைக்காலத் தடை விதித்தது. அந்தப் பேட்டைகளில் எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் ஒரு தலைமுறை வாழ்ந்திருக்கின்றன. ஒரு பெரிய வேப்பமரம் போனால் அதோடு வேப்பம்பழமும் கூடும் நிழலும் போகிறது. அதற்கு ஈடாகக் கடலை போட்டுக் கட்டுப்படியாகாது. குவார்ட்டர்ஸ் முற்றத்தில் இடமிருப்பவர்கள் ஒரு ஷஹ்தூத் கன்றோ கொய்யாக் கன்றோ நட்டால் நல்லது. வேகமாக வளரும், அணிலும் பிள்ளைகளும் பங்கு போட்டுக்கொள்ளலாம்.

மரம் வைக்க இடமில்லாதவர்கள் தண்ணீர் வைக்கலாம். வெயில் 45 டிகிரியைத் தாண்டும் மே, ஜூன் நாட்களில் அணிலுக்கு எந்தத் தீனியையும்விடப் பெரிய உதவி இதுதான். ஆழமான வாளி ஆபத்து, விழுந்தால் ஏற முடியாது. பூந்தொட்டிக்கு அடியில் வைக்கும் அகலமான மண் தட்டு போதும். நடுவில் ஒரு கல்லை வைத்தால் குட்டி அணிலும் குருவியும் அதன்மேல் உட்கார்ந்து குடிக்கும். பூனை பதுங்க முடியாத, நிழலான இடமாகப் பார்த்து வைக்க வேண்டும். சர்க்கரையோ குளுக்கோஸோ கலக்க வேண்டியதில்லை. தண்ணீரைத் தினமும் கொட்டி, தட்டைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி, புதிதாக ஊற்ற வேண்டும். இல்லாவிட்டால் டெங்கு கொசு முட்டையிடும். மழைக்காலத்தில் வீடு வீடாகக் கொசுப் புழு பார்க்க வரும் முனிசிபல் ஊழியர் சலான் எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார்.